வேகனா, ஃபோர்வீலா? காரைப் பார்க்கும் முன் பாதையை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்த்திய ஸ்டேஷன் வேகன் போதுமா, இல்லை நிஜமான ஃபோர்வீலே வாங்கிவிடலாமா? சிங்கப்பூரில் இந்தக் கேள்வியோடு வந்த நண்பர்கள், சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேருக்குக் கூடவே போய் கார் பார்த்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறியது ஒரே இடத்தில்தான். முதலில் கார் பிடித்துப்போகிறது, அப்புறம் அதற்கு ஏற்ற பாதையைத் தேடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

இந்தக் கட்டுரையில் வேகன் என்று நான் சொல்வது சுபாரு அவுட்பேக், வோல்வோ வி60 கிராஸ் கன்ட்ரி, மெர்சிடிஸ் இ-கிளாஸ் ஆல்-டெரெய்ன் போன்றவற்றை. உருவத்தில் நீளமான குடும்பக் கார், கொஞ்சம் உயர்த்திய உடம்பு, நான்கு சக்கரத்துக்கும் விசை. ஃபோர்வீல் என்பது சுசுக்கி ஜிம்னி, ஜீப் ராங்லர், டொயோட்டா லேண்ட் குரூசர், லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வகை. இரண்டையும் பிரிக்கும் கோடு எது என்பதை 5-ஆம் படியில் பார்ப்போம்.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை: ஓர் அளவு டேப், இரண்டு மீட்டர் கயிறு, சாய்வு காட்டும் வசதியுள்ள கைப்பேசி, கடந்த ஒரு வருடத்தில் எங்கெங்கே ஓட்டினீர்கள் என்று எழுதிய ஒரு தாள். தாள்தான் முக்கியம். அது இல்லாமல் ஷோரூமுக்குப் போகாதீர்கள்.

1. போன பாதைகளை எழுதுங்கள், போகப்போகிற பாதைகளை அல்ல

சிங்கப்பூருக்குள் கரடுமுரடாக ஓட்டச் சட்டப்படி இடம் என்று சொல்ல எதுவுமில்லை. பூங்காவிலோ அரசு நிலத்திலோ காரை இறக்கினால் வம்புதான். ஆகவே இந்தக் கேள்வியே ஜொகூர் பாலத்தைத் தாண்டிய பின்தான் உயிர்பெறுகிறது. கடந்த 12 மாதத்தில் மலேசியாவுக்கு எத்தனை தடவை போனீர்கள், அதில் தார் இல்லாத பாதை எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள்.

கேமரன் மலைக்குத் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ போனால் முழுக்கத் தார்தான். தேசாருவும் மெர்சிங்கும் அப்படியே. இவற்றுக்கு வேகனே அதிகப்படி, ஒரு சாதாரண செடானே போய்வரும். “கேமரன் ஏறணும், அதனால ஜீப் வேணும்” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அங்கே காய்கறித் தோட்டங்களுக்குள் ஓடும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்து வந்த ஆசை அது. அவை ஓடுவது தோட்டத்துக்குள், நாம் ஓட்டுவது சாலையில்.

பட்டியல் முழுக்கத் தார் என்றால் வழிகாட்டியை இங்கேயே மூடிவிட்டு, பூட் இடத்தையும் (பின்பக்கம் சாமான் வைக்கும் இடம்) பெட்ரோல் செலவையும் மட்டும் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

2. ஆக மோசமான அரை கிலோமீட்டரைக் கண்டுபிடியுங்கள்

நூறு கிலோமீட்டர் நல்ல பாதை ஒன்றையும் தீர்மானிக்காது. உங்களை நிறுத்தப்போவது கடைசி அரை கிலோமீட்டர். எந்தக் கார் என்பதை முடிவு செய்வதும் அதுதான்.

என் கதை ஜொகூரில் உள்ள குளுவாங்கில். மாமா வீடு ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. வருடத்துக்கு மூன்று தடவை போவோம், மாரியம்மன் திருவிழாவையும் சேர்த்து. பிரதான சாலையிலிருந்து செம்மண் பாதை 4 கிலோமீட்டர். அதில் மூன்றரை கிலோமீட்டர் எந்தக் காருக்கும் சரி. மீதி அரை கிலோமீட்டரில்தான் குலை ஏற்றும் லாரிகள் ஓடி ஓடி இரண்டு பள்ளமான தடம் போட்டிருக்கின்றன, நடுவில் முதுகு மாதிரி ஒரு மேடு. வெயில் காலத்தில் அது கல் மாதிரி இறுகிக் கிடக்கும். மழையில் சோப்பு.

அந்த இடத்துக்குப் போய் நான்கு அளவு எடுங்கள்: தடத்தின் ஆழம், இரண்டு தடத்துக்கும் நடுவே உள்ள தூரம், ஏற்றத்தின் சாய்வு, தண்ணீர் தேங்கும் இடத்தின் ஆழம். குச்சியை நட்டு டேப்பால் அளந்தால் போதும். குச்சி பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு படமும் எடுங்கள். வீட்டுக்கு வந்தபின் நினைவில் எல்லாப் பள்ளமும் ஒன்று பெரிதாகிவிடும் அல்லது சிறிதாகிவிடும்.

லாரித் தடத்தின் அகலம் ஏன்? லாரியின் சக்கர இடைவெளி காரைவிட அகலம். உங்கள் கார் ஒரு பக்கச் சக்கரத்தைப் பள்ளத்தில் விட்டு, மறு பக்கத்தை மேட்டில் ஏற்றித்தான் போகும். கார் சாய்ந்து போகும்போது வயிறு தட்டும் இடமே வேறு.

3. தரை இடைவெளி எண்ணை மட்டும் படிக்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்தப் படியில்தான், ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

ஆறாம் தலைமுறை அவுட்பேக்கின் தரை இடைவெளி 213 மி.மீ. மூன்று கதவு ஜிம்னியின் இடைவெளி 210 மி.மீ. தாளில் வேகன் 3 மி.மீ. முன்னால் நிற்கிறது! இதைக் காட்டி “அப்புறம் எதுக்கு ஜிம்னி?” என்று கேட்ட நண்பரிடம் நான் பதில் சொல்லவில்லை. இரண்டு காருக்கும் அடியில் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

ஜிம்னியில் அந்த 210 என்பது அச்சின் நடுவே தொங்கும் இரும்பு உருண்டைக்கும், அதாவது டிஃபரென்ஷியல் கூட்டுக்கும், தரைக்கும் உள்ள தூரம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் வயிறு அதைவிட உயரத்தில் இருக்கிறது. வேகனில் தாழ்ந்து கிடப்பது ஓர் உருண்டை அல்ல, கிட்டத்தட்ட முழு வயிறும்: பிளாஸ்டிக் தட்டு, அதன் மேல் எக்ஸாஸ்ட் குழாய். இரும்பு உருண்டை செம்மண் மேட்டில் தேய்த்தால் பெயின்ட் போகும். பிளாஸ்டிக் தட்டு தேய்த்தால் கிளிப் கழன்று தொங்கும். மாமா வீட்டுப் பாதையில் எனக்கு நடந்தது இதுதான். ஒரு மழைநாளில் நடுமேட்டில் சர்ரென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் தட்டின் முன்பாதி மண்ணை வாரிக்கொண்டு நாக்கு மாதிரி தொங்குகிறது. கேபிள் டை நான்கு போட்டுக் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தோம்.

இரண்டாவது விஷயம் பாரம். ஜிம்னி, ராங்லர் இரண்டிலும் முன்னும் பின்னும் இறுகிய ஒரே அச்சு. எத்தனை பேர் ஏறினாலும் அந்த உருண்டையின் உயரம் மாறாது, ஏனென்றால் அது சக்கரத்தோடு சேர்ந்தது, உடம்போடு சேர்ந்தது அல்ல. வேகனில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷன். ஆள் ஏற ஏற உடம்பு இறங்கும், வயிறும் கூடவே இறங்கும். விளம்பரத்தில் உள்ள எண் வெறுங்காருக்கானது.

இதைச் சோதிக்க வழி எளிது. வேகனின் பின்சக்கரத்துக்கு மேல் வளைவின் உச்சியிலிருந்து தரை வரை டேப்பால் அளங்கள். பின்னால் மூன்று பெரியவர்களை உட்கார வையுங்கள், பூட்டில் தண்ணீர்ப் பெட்டியும் அரிசி மூட்டையும் வையுங்கள், மறுபடி அளங்கள். எத்தனை மி.மீ. குறைந்ததோ அதை 213-இலிருந்து கழியுங்கள். அதுதான் உங்கள் குடும்பத்தின் தரை இடைவெளி. 2-ஆம் படியில் அளந்த தடத்தின் ஆழத்தோடு அதை ஒப்பிடுங்கள். தடம் அதைவிட ஆழம் என்றால் வேகனோடு அந்தப் பாதை முடிந்தது.

இந்தக் கணக்கில் டிஃபெண்டர் ஒரு விதிவிலக்கு. அதற்கும் தனித்தனி சஸ்பென்ஷன்தான், ஆனால் காற்று சஸ்பென்ஷன் உள்ள வகையில் பொத்தானை அழுத்தினால் இடைவெளி 291 மி.மீ. வரை உயரும். ராங்லர் ரூபிகான் பிறவியிலேயே சுமார் 27 செ.மீ.

4. கயிற்றால் கோணத்தை அளங்கள்

தரை இடைவெளிக்கு அடுத்தது மூன்று கோணங்கள். முன் கோணம்: மேட்டில் ஏறத் தொடங்கும்போது முன் பம்பர் தட்டாமல் இருக்கும் அளவு. பின் கோணம்: இறங்கி முடிக்கும்போது பின் பம்பருக்கு. நடுக் கோணம்: மேட்டின் உச்சியில் வயிறு மாட்டாமல் இருக்க.

கயிற்றின் ஒரு நுனியை முன் டயரின் அடியில் செருகி, டயரை ஒட்டியபடியே இழுத்து பம்பரின் ஆகத் தாழ்ந்த விளிம்பில் பிடியுங்கள். விறைப்பான கயிற்றோடு கைப்பேசியை ஒட்டிச் சாய்வைப் படியுங்கள். ஒரு டிகிரி, இரண்டு டிகிரி பிசகினால் பரவாயில்லை. அவுட்பேக்கில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். ஜிம்னியின் முன் கோணம் 37 டிகிரி, பின் கோணம் 49. ராங்லர் ரூபிகானின் முன் கோணம் 44.

பின் கோணத்தில் இந்த அளவு வித்தியாசம் வருவது, வேகனின் பூட் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால். நான்கு பெட்டி அடங்கும் அந்த அருமையான பூட்தான் வாய்க்காலைத் தாண்டும்போது மண்ணில் உட்காருகிறது. இரண்டும் ஒரே காரில் கிடைக்காது.

நடுக் கோணத்தைக் கயிற்றால் அளப்பது சிரமம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஜிம்னியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 2.25 மீட்டர், அவுட்பேக்கில் 2.745 மீட்டர். அரை மீட்டர் கூடுதல் நீளம் மேட்டின் உச்சியில் பாலம் மாதிரி தொங்கும்.

5. கியரைப் புரிந்துகொள்ளுங்கள்: ஏடபிள்யூடி வேறு, ஃபோர் லோ வேறு

“இதுக்கும் நாலு சக்கரம் இழுக்குது, அதுக்கும் நாலு சக்கரம் இழுக்குது” என்று விற்பனையாளர்கள் சொல்வது பொய்யல்ல, ஆனால் பாதி உண்மை.

வேகனில் நான்கு சக்கரத்துக்கும் விசை எப்போதும் போகும், அல்லது தேவைப்படும்போது தானாகப் போகும். இதுதான் ஏடபிள்யூடி. ஒரு சக்கரம் வழுக்கினால் கம்ப்யூட்டர் அதற்கு மட்டும் பிரேக் போட்டு மற்றவற்றுக்கு விசையைத் தள்ளும். ஈரத் தார், மெல்லிய சேறு, சரளைக்கல் எல்லாவற்றுக்கும் இது தாராளம். ஓட்டுபவர் ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது பெரிய வசதி. விரைவுச்சாலையில் திடீர் மழை கொட்டும்போது நான் நம்புவதும் இதைத்தான்.

ஃபோர்வீலில் கூடுதலாக இருப்பது இரண்டாம் கியர்ப்பெட்டி. ஃபோர் லோ, அதாவது நாலு சக்கரமும் தாழ்ந்த கியரில் இழுக்கும் நிலை, போட்டதும் ஜிம்னியில் எல்லா கியரும் இரண்டு மடங்கு தாழ்கிறது, ராங்லர் ரூபிகானில் நான்கு மடங்கு. வேகம் குறையும், சக்கரத்தில் வரும் இழுவிசை அதே அளவு கூடும். ஆள் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக ஏறலாம், பிரேக்கைத் தொடாமல் எஞ்சினின் பிடியிலேயே இறங்கலாம். வழுக்கும் சரிவில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு கார் பலகையாகச் சறுக்கும், அதனால்தான் இறக்கத்தில் இது உயிர். முன்னே சொன்ன பிரிக்கும் கோடு இதுதான்: லோ ரேஞ்ச், அதாவது இந்தத் தாழ்ந்த கியர் வரிசை, இருக்கிறதா, இல்லையா. காரின் உருவத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கும் எத்தனையோ எஸ்யூவிகளில் லோ ரேஞ்ச் கிடையாது.

வேகனுக்கு லோ ரேஞ்ச் இல்லாததன் விலை நீண்ட ஏற்றத்தில் தெரியும். அவுட்பேக்கில் உள்ளது சிவிடி, அதாவது படிப்படியாக மாறாமல் தொடர்ச்சியாக மாறும் தானியங்கி கியர். சேற்று ஏற்றத்தில் மெதுவாக, முழு பாரத்தோடு, நிறுத்தி நிறுத்தி ஏறினால் அது சூடாகும். வேகமாக ஏறினால் சூடாகாது, ஆனால் கல்லில் அடிபடும். 2-ஆம் படியில் அளந்த ஏற்றம் சிறியதா நீண்டதா என்பதை இங்கே பொருத்திப் பாருங்கள். ஐம்பது மீட்டர் ஏற்றத்துக்கு லோ ரேஞ்ச் தேவைப்படாது. அரை கிலோமீட்டர் என்றால் தேவைப்படும்.

இனி ஃபோர்வீல் வாங்கியவர்கள் செய்யும் தவறு. ஜிம்னியின் நாலுசக்கர இயக்கம் பகுதிநேரம். முன்னச்சையும் பின்னச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது, நாலு சக்கரத்தில் போட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் சுற்றக் கட்டாயப்படுகின்றன. மண்ணில் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும், காய்ந்த தாரில் முடியாது. ஒரு தம்பி புதுக் காரின் மகிழ்ச்சியில் ஃபோர் எச்சில் (நாலு சக்கரமும் சாதாரண கியரில் இழுக்கும் நிலை) போட்டபடியே வீட்டுக்கு வந்துவிட்டார். அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தின் சுருள் பாதையில் ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்க கார் டக் டக் என்று துள்ளுகிறது, டயர் கீச்சிடுகிறது. கார் கெட்டுவிட்டது என்று பயந்து எனக்கு அழைத்தார். “தம்பி, கம்பியை டூ எச்சுக்குத் தள்ளுங்க” என்றேன், அதாவது இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலைக்கு. சரியாகிவிட்டது. அப்படியே தினமும் ஓட்டியிருந்தால் கியர்ப்பெட்டி போயிருக்கும்.

6. டயர்

சேற்றில் எந்தக் காரையும் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் டயர்தான். ஷோரூமில் வரும் டயர் நெடுஞ்சாலைக்கானது. அதன் கோடுகளில் செம்மண் அப்பிக்கொண்டால் வழுவழு உருளையாகிவிடும். ஏ/டி டயர் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் டயர்) போட்ட வேகன், சாலை டயர் போட்ட ஃபோர்வீலை முந்திப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே வகை டயர் என்று வைத்தே ஒப்பிடுங்கள்.

எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வேகனில் நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். ஒன்று கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்றிவிட முடியாது, விசை பிரிக்கும் பாகம் பாதிக்கப்படும். மாற்றுச் சக்கரம் முழு அளவா, மெல்லியதா, இல்லை வெறும் ஒட்டுப்பசைப் புட்டியா என்று பூட் கதவைத் திறந்தே பாருங்கள். தோட்டப் பாதையில் பக்கச்சுவர் கிழிந்தால் பசை உதவாது.

7. தண்ணீர்

டிஃபெண்டர் காற்று சஸ்பென்ஷனோடு 900 மி.மீ. வரை, ராங்லர் ரூபிகான் 760 மி.மீ. வரை இறங்கலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். வேகனுக்கு நான் வைத்திருக்கும் விதி: சக்கரத்தின் நடுப்பகுதி மூழ்கினால் திரும்பிவிடு. மலேசியாவின் கிழக்குக் கரையில் நவம்பரிலிருந்து மார்ச் வரை பருவமழை. அப்போது ஓடும் தண்ணீரில் முழங்கால் ஆழம்கூட எந்தக் காரையும் தள்ளும்.

8. வீட்டுக் கார்நிறுத்தத்தில் ஒரு மணி நேரம்

வருடத்துக்கு மூன்று நாள் தோட்டத்தில், மீதி நாளெல்லாம் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார்நிறுத்தத்தில். இந்தப் படியைத் தாண்டிப்போகிறவர்களே அதிகம், அப்புறம் புலம்புகிறவர்களும் அவர்களே.

நம் ஊரில் வழக்கமான நிறுத்துமிடம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். அவுட்பேக்கின் நீளம் 4.87 மீட்டர், மூக்கு 7 செ.மீ. வெளியே நிற்கும். டிஃபெண்டர் 110 மாற்றுச் சக்கரத்தோடு 5 மீட்டரைத் தாண்டும், கண்ணாடியை மடக்கினாலும் அகலம் 2 மீட்டர். நடுவில் நிறுத்தினால் இரு பக்கமும் 20 செ.மீ.தான். ஜிம்னியில் 37 செ.மீ. கிடைக்கும்.

யாரும் சொல்லாத ஒன்று பின்கதவு. ஜிம்னி, ராங்லர், டிஃபெண்டர் மூன்றிலும் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும், மாற்றுச் சக்கரத்தின் கனத்தோடு. நாம் எல்லோரும் பின்பக்கமாகத்தான் நிறுத்துவோம். பின்னால் சுவர் இருந்தால் கதவு பாதிகூடத் திறக்காது. வாரச் சந்தைச் சாமானை முன்சீட்டு வழியாக இறக்க வேண்டியதுதான். கார் வாங்கும் முன் உங்கள் வழக்கமான இடத்தில் நின்று டேப்பால் அளந்துவிடுங்கள்.

கார்நிறுத்த நுழைவாயிலில் தொங்கும் உயரப் பலகையைப் படமெடுங்கள். வீடு, அலுவலகம், தேக்காவில் நீங்கள் நிறுத்தும் இடம், மூன்றையும். அவுட்பேக் 1.675 மீட்டர், ஜிம்னி 1.72, டிஃபெண்டர் 110 ஏறக்குறைய 1.97. மேலே பெட்டி வைத்தால் கணக்கே மாறிவிடும்.

கடைசியாக அம்மாவை அழைத்துப்போங்கள். முழங்கால் வலியுள்ளவர் வேகனில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். ராங்லரில் ஏறவே படி தேட வேண்டும். மூன்று கதவு ஜிம்னியில் பின்சீட்டுக்கு முன்சீட்டை மடக்கி உள்ளே நுழைய வேண்டும், இடமும் மொத்தம் நான்கு பேருக்குத்தான். எங்கள் வீட்டில் ஐந்து பேர். எனக்கு ஜிம்னி அந்த இடத்திலேயே அடிபட்டுப்போனது.

9. பணத்தை இந்த வரிசையில் கணக்கிடுங்கள்

விலைப்பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. முதலில் சிஓஇ பிரிவு. சிஓஇ என்பது சிங்கப்பூரில் பத்து வருடம் கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ். 1,600 சிசிக்கும் 97 கிலோவாட்டுக்கும் உட்பட்ட பெட்ரோல் கார் ஏ பிரிவு. 1.5 லிட்டர், 75 கிலோவாட் ஜிம்னி அதில் அடங்கும். 2.5 லிட்டர் அவுட்பேக், ராங்லர், டிஃபெண்டர் எல்லாம் பி பிரிவு.

அடுத்தது ஏஆர்எஃப், அதாவது காரைப் பதியும்போது கட்டும் கூடுதல் பதிவுக் கட்டணம். காரின் பொதுச் சந்தை மதிப்பான ஓஎம்வி ஏற ஏற இது தாவித் தாவி ஏறும். முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000-க்கு 140, அதற்கடுத்த 20,000-க்கு 190, அப்படியே மேலே 320 வரை. ஓஎம்வி 35,000 என்றால் ஏஆர்எஃப் 41,000 வெள்ளி. ஓஎம்வி 60,000 என்றால் 86,000 வெள்ளி. மதிப்பில் 25,000 வித்தியாசம், வரியில் 45,000 வித்தியாசம். பெரிய ஃபோர்வீலின் விலை எங்கிருந்து வருகிறது என்பது இங்கே தெரியும். இதற்கு மேல் 20 விழுக்காடு சுங்கவரி, ஜிஎஸ்டி, புகை அளவைப் பொறுத்த கூடுதல் கட்டணம்.

சாலை வரி எஞ்சின் அளவின்படி. பத்து வயதுக்கு உட்பட்ட பெட்ரோல் காருக்கு வருடத்துக்கு ஜிம்னி சுமார் 660 வெள்ளி, 2 லிட்டர் ராங்லர் சுமார் 1,200, 2.5 லிட்டர் அவுட்பேக் சுமார் 1,800. ஆம், இந்த ஒன்றில் வேகன்தான் அதிகம்.

பழைய கார் என்றால் கேட்கும் விலையைப் பார்க்காமல் வருடத் தேய்மானத்தை ஒப்பிடுங்கள். கடைசியில் திரும்பக் கிடைக்கும் தொகையைக் கழித்து, சிஓஇயில் மீதியுள்ள வருடங்களால் வகுங்கள். வருடத்துக்கு எத்தனை ஆயிரம் வெள்ளி வித்தியாசம் என்று வந்ததும், 1-ஆம் படியில் எழுதிய மண்பாதை நாட்களால் அதை வகுங்கள். ஒரு நாள் மண்பாதைக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியும். என் தாளில் வந்த தொகையைப் பார்த்த மனைவி, “அந்தக் காசுக்கு மாமாவையே இங்க கூட்டிட்டு வந்து ஹோட்டல்ல வைக்கலாம்” என்றாள்.

10. ஓட்டிப்பார்க்கும்போது

வேகனை முதலில் ஓட்டாதீர்கள். ஃபோர்வீலை முதலில் ஓட்டுங்கள். வேகனின் சொகுசுக்குப் பழகிய பின் ஜிம்னியில் ஏறினால் அது நியாயமாகத் தெரியாது. முதலில் ஜிம்னி என்றால், அதன் குணத்தை அதன் அளவில் பார்க்கலாம்.

விரைவுச்சாலையில் 90-இல் ஓட்டி முடிவு செய்யாதீர்கள். மலேசிய வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110. குட்டையான, உயரமான, இறுகிய அச்சுள்ள வண்டி அந்த வேகத்தில், பக்கக்காற்றில், லாரியைத் தாண்டும்போது எப்படி அசைகிறது என்பதுதான் கேள்வி. கோலாலம்பூர் வரை 350 கிலோமீட்டர் என்று மனத்தில் வைத்து, சன்னலை மூடிப் பின்சீட்டில் இருப்பவரோடு பேசிப்பாருங்கள். கத்திப் பேச வேண்டியிருந்தால் பிள்ளைகள் யோங் பெங் தாண்டும் முன்பே சண்டை போடுவார்கள்.

11. எல்லை தாண்டும் முன்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது இரண்டு வகைக் காருக்கும் பொது. மலேசியாவின் விஇபி (வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதி) பட்டை ஒட்டி, செயல்பாட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம். புறப்படும்போது டாங்க் முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும். அங்கே நிரப்புவது ரான் 97 பெட்ரோல், வெளிநாட்டுப் பதிவெண்ணுக்கு ரான் 95 கிடையாது. ஜிம்னியின் டாங்க் 40 லிட்டர்தான், அவுட்பேக்கில் 63. உள்ளே போகும் முன் கடைசி நிலையத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

காப்புறுதிப் பத்திரத்தில் தார் இல்லாத பாதை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள். வாடகைக் கார் எடுத்துச் சோதித்துப்பார்க்கலாம் என்று நினைப்பவர்களும் ஒப்பந்தத்தில் இதே வரியைத் தேட வேண்டும்.

12. வாங்கிய பின் உடனே செய்யக் கூடாதவை

உயரம் கூட்டும் ஸ்பிரிங், பெரிய டயர், இரும்பு பம்பர், ஸ்னார்க்கல் (தண்ணீரில் எஞ்சினுக்குக் காற்று தரும் உயரக் குழாய்). எதையும் ஆர்டர் செய்யும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்ற விதிகளைப் பாருங்கள். டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பரிசோதனையில் தேறாது. வலைத்தளத்தில் ஆஸ்திரேலியாக்காரர் போட்டிருப்பது இங்கே செல்லாது.

வேகனின் பம்பரில் திருகி மாட்டும் இழுவை வளையம், மெதுவாக இழுத்துப்போவதற்கு மட்டும். சேற்றில் மாட்டியதைக் குலுக்கி இழுக்க அதைப் பயன்படுத்தினால் தெறித்து வரும், ஆள் தலையில் பட்டால் அவ்வளவுதான். ஃபோர்வீலில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிய கொக்கி இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் சேற்றுப் பாதைக்கு ஒற்றைக் காரில் போகாதீர்கள்.

13. கணக்கு இரண்டு பக்கமும் ஒத்துவராதபோது

சிலருக்குத் தாள் முழுக்க வேகன் என்று வரும், ஒரே ஒரு பாதையைத் தவிர. பெரும்பாலும் அது எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா. காஹாங்கிலிருந்து கம்போங் பெத்தாவுக்கு 56 கிலோமீட்டர் மண்பாதை, ஃபோர்வீல் கட்டாயம். அந்த ஓர் ஆசைக்காகப் பத்து வருடச் சிஓஇயை ஃபோர்வீலில் போடத் தேவையில்லை. காஹாங்கில் காரை விட்டுவிட்டு உள்ளூர் ஃபோர்வீலை ஓட்டுநரோடு பேசிக்கொள்ளலாம். பாதையின் எந்த வளைவில் மரலாரி வரும் என்று அவருக்குத் தெரியும். பூங்கா அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள், மழைக்காலத்தில் மூடியிருக்கலாம், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

நான் கடைசியில் வேகனே வாங்கினேன், ஏ/டி டயர் போட்டு. கடந்த திருவிழாவுக்கு முந்தைய இரவு நல்ல மழை. அரை கிலோமீட்டருக்கு முன்னால் மாமா குடையோடு நின்றுகொண்டிருந்தார். “மாப்பிள்ளே, வண்டிய இங்கயே போடு. மீதிய நடந்துருவோம்.” பொங்கல் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அத்தை முன்னால் நடந்தார், நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனோம்.